நான்காம் பாகத்துக்கு ஒரு நரகம்

நரகத்தைக் கட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சொர்க்கத்தை எந்தச் சோம்பேறியும் கற்பனை செய்துவிடுவான். ஒரு தோட்டம், ஒரு ஊஞ்சல், வேலைக்குப் போகத் தேவையில்லை, முடிந்தது கதை. நரகம் அப்படியா? அதற்கு வாசல் வேண்டும், வாசலில் வரிசை வேண்டும், வரிசையை மிரட்ட ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளைக் கண்காணிக்க இன்னோர் ஆள் வேண்டும். இந்த அரும்பணியில் மனித குலத்துக்கே வழிகாட்டியாக விளங்கியவர், ஒரு கணினி விளையாட்டு நிறுவனத்தின் கதைப்பிரிவுத் தலைவர். அலுவலகத்தில் அவரைக் கதைக்காரர் என்பார்கள். வீட்டில் அதே பெயரை அவர் மனைவி வேறு தொனியில் சொல்வார்.

அவர் படைத்த 'சாம்பல் கோட்டை' என்னும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு மூன்று பாகங்கள் வெளிவந்து, உலக இளைஞர்களைத் தூங்கவிடாமல் தொண்டாற்றியிருந்தது. முதல் பாகத்தில் கொடுங்கோல் நகரம் பனிப்பாறைக்குள் இருந்தது. இரண்டாவதில் நிலாவின் முதுகில். மூன்றாவதில் எரிமலையின் வயிற்றில். நான்காவதுக்குப் பூமியிலும் வானத்திலும் காலி மனை இல்லை.

நிறுவனத் தலைவர் உயர்மட்டக் கூட்டத்தைக் கூட்டினார். மொட்டைமாடிக்கு அடுத்த அறையில் நடப்பதால் அதற்கு அந்தப் பெயர்.

"ஜனங்களுக்குப் பயம் விட்டுப்போச்சு," என்றார் தலைவர், பெற்ற பிள்ளை தறுதலையாகிவிட்டதைச் சொல்பவர் போல. "போன பாகத்துல எரிமலை வெடிக்கிறப்போ ஒருத்தன் கொட்டாவி விட்டானாம். இந்தத் தடவை வயித்தைக் கலக்கணும். இல்லேன்னா உங்க பிரிவையே நான் விடுவிக்க வேண்டியிருக்கும்."

அந்த நிறுவனத்தில் யாரையும் வேலையை விட்டு நீக்கியதே கிடையாது என்பதை இங்கே பதிவு செய்யவேண்டும். வெளியே போனவர்கள் எல்லாரும் 'விடுவிக்கப்பட்டவர்கள்'.

"செத்தவங்க எழுந்து வர்றாங்க சார்," என்றார் கதைக்காரர்.

"எத்தனை தடவைய்யா எழுந்து வருவாங்க? அவங்களுக்கே அலுத்துப்போயிருக்கும்."

"ரோபோ படை?"

"என் பொண்ணு ரோபோவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்குது. போய் நல்லா யோசிச்சிட்டு வாங்க."

கதைக்காரர் யோசித்தார். தலை வலிக்கிற அளவுக்கு யோசித்தார். ஒன்றும் வரவில்லை. மேதைகளுக்கு எல்லாம் கடைசியில் வீட்டில்தான் வெளிச்சம் கிடைக்கும் என்பதற்கேற்ப, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் அது கிடைத்தது.

அன்று அவருடைய மைத்துனன் சாப்பிட வந்திருந்தான். மனைவியின் தம்பி, அக்கா கையில் சோறு வாங்கித் தின்று வளர்ந்தவன். கதைக்காரர்தான் அவனைத் தன் நிறுவனத்திலேயே சோதனையாளனாகச் சேர்த்துவிட்டிருந்தார். விளையாட்டுக்குள் ஒவ்வொரு சுவரிலும் போய் முட்டிப் பார்ப்பது அவன் உத்தியோகம். முட்டினால் சுவர் தடுக்க வேண்டும். தடுக்காமல் ஆள் உள்ளே விழுந்தால் புகார் எழுத வேண்டும். பொழுதுக்கும் முட்டி, விழுந்து, செத்து, மறுபடி எழுந்து, அதையெல்லாம் பொறுமையாக எழுதிவைப்பான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் முகவாதம் வந்து அவன் வாயின் வலப்பக்கம் தொங்கிவிட்டது. அதிலிருந்து சிரித்தால் இடப்பக்கம் மட்டும் மேலே போகும். வீட்டில் யாரும் அதைப் பாதி என்று நினைத்ததில்லை. கதைக்காரரின் மகளுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே நாள் முழுக்கக் கோமாளித்தனம் செய்ய வேண்டும்.

"மாமா சிரிச்சாச்சு! மாமா சிரிச்சாச்சு!" என்று அன்றும் அவள் குதித்தாள்.

கதைக்காரர் கையில் எடுத்த கவளம் அந்தரத்தில் நின்றது. "அடடா!" என்றார்.

"என்ன அத்தான், காரமா?" என்றான் மைத்துனன்.

"இல்ல மாப்ள, நீ சாப்பிடு," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுதப் போனார்.

இப்படியாகப் பிறந்ததுதான் நான்காம் பாகத்தின் திட்ட அறிக்கை. இடம்: ஓர் ஊர். பனிப்பாறையும் இல்லை, எரிமலையும் இல்லை. தெரு, மாடிப்படி, கதவு. அங்கே மூச்சுவிடக் காற்று, அன்றைய வேலையை முடித்தவனுக்கு மட்டும். பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுத்தால் கூடுதல் உயிர். துப்பாக்கியின் விசையை அழுத்தினால் முதலில் ஒரு விளம்பரம் ஓடும். அது முடிகிறவரை எதிரியும் பெருந்தன்மையோடு காத்திருக்க வேண்டும். தோட்டா தீர்ந்தால் மனு கொடுக்கலாம். இத்தனைக்கும் சிகரமாக அந்தக் கதவு. நுழைபவர் அதன் முன் நின்று சிரிக்க வேண்டும், அதுவும் மனதார. பொய்ச் சிரிப்பைக் கதவு கண்டுபிடித்துவிடும். 'பாதி வாயால் சிரிப்பவன் அரசைக் கேலி செய்கிறான். அவனே முதல் எதிரி. மூன்று முறை மறுக்கப்பட்டவன் விடுவிக்கப்படுவான்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தபோது கதைக்காரருக்கே மயிர்க்கூச்செறிந்தது.

தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "கலக்குதுய்யா! இதான் வேணும்."

அந்த நிறுவனத்தில் ஓர் உயர்ந்த மரபு உண்டு. எந்த அறிக்கையும் எல்லாப் பிரிவுகளுக்கும் போய், 'கண்டேன், ஏற்றேன்' என்று கையெழுத்து வாங்கி வரவேண்டும். கேன்டீன் உட்பட. யாரும் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதால் மரபு தடையின்றி நடந்துவந்தது. இந்த முறை மனிதவளப் பிரிவின் மேடம், ஊக்கப் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்திருந்த உற்சாகத்தில், அறிக்கையைப் படித்துவிட்டார். விபத்து அங்கேதான் நேர்ந்தது.

அடுத்த வாரம் அலுவலக வாசலில் புதுக் கதவு நின்றது. 'கதைப்பிரிவின் முற்போக்கான பரிந்துரைகளை ஏற்று' என்று தொடங்கியது அறிவிப்பு. கதைக்காரர் மேடத்தின் அறைக்கு ஓடினார்.

"மேடம், அது கேம்!"

"எது?"

"நான் அனுப்புனது! விளையாட்டு!"

மேடம் அறிக்கையைப் புரட்டினார். "எங்கேயும் அப்படிப் போடலியே."

"முதல் பக்கத்துலயே 'சாம்பல் கோட்டை, நான்காம் பாகம்'னு இருக்கே!"

"நம்ம புதுக் கட்டடத்துக்குப் பேருன்னு நெனச்சேன்."

"துப்பாக்கின்னு எழுதியிருக்கே மேடம், அப்பவுமா தோணலை?"

"அந்தப் பக்கத்தை செக்யூரிட்டிக்கு அனுப்பினேன். இந்த வருஷம் பட்ஜெட் இல்லைன்னுட்டாங்க." மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கு சார் பதட்டம்? நேத்துலேருந்து எல்லாரும் சிரிச்ச முகமா வர்றாங்க. இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் பார்த்ததே இல்லை. நீங்க பெரிய ஆளு சார்."

கதைக்காரர் மறுப்புச் சொல்ல வாயெடுத்தார். 'பெரிய ஆளு' என்ற சொல் குறுக்கே விழுந்து அதைத் தடுத்துவிட்டது.

மைத்துனனுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. முதல் நாள் அவன் வாசலில் நின்று சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்துத் திரும்பினான். இரண்டாம் நாள் விரலால் வலப்பக்க உதட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். 'முறைகேடு' என்றது கதவு. இன்னும் ஒரு முறை மறுத்தால் வேலை போய்விடும். வீட்டில் வந்து அதைக்கூட அவன் குற்றமாகச் சொல்லவில்லை.

"நல்ல கதவு அத்தான். எல்லாப் பக்கத்துலயும் முட்டிப் பார்த்துட்டேன், ஓட்டையே இல்லை," என்றான்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அறிக்கையில் இருந்த வரிகளை அவள் கதவுக்குப் பக்கத்து அறிவிப்பிலிருந்து தம்பி சொல்லக் கேட்டிருந்தாள்.

"பாதி வாயால சிரிக்கிறவன். இதை யாரைப் பார்த்துங்க எழுதுனீங்க?"

"அது கற்பனைம்மா."

"என் தம்பி நம்ம வீட்டுல உக்காந்து சாப்பிட்டான். உங்க பொண்ணைப் பார்த்துச் சிரிச்சான். அதைப் பார்த்து உங்களுக்கு எதிரி ஞாபகம் வந்துதா?" அவள் குரல் உடைந்தது. "ஒரு வரி எழுதி அவனைத் தள்ளினீங்க இல்ல? இன்னொரு வரி எழுதி உள்ளே விடுங்க. நீங்கதானே கதைக்காரர்."

கதைக்காரருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அந்த வேகத்திலேயே உட்கார்ந்து ஒரு திருத்தம் எழுதினார்: 'முகவாதம் உள்ளவர்களுக்குக் கதவு தானாகத் திறக்கும்.' அவர் வாழ்நாளில் எழுதிய எல்லாவற்றிலும் சிறந்த வரி அதுதான் என்று இன்றும் நடுநிலையாளர்கள் கருதுகிறார்கள்.

அறிக்கை திருத்தப்பட்டால் கதவையும் திருத்திவிடலாம் என்று மேடம் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். மீண்டும் உயர்மட்டம் கூடியது.

தலைவர் வரியைப் படித்தார். முகம் சுருங்கியது. "இதென்னய்யா? கதவு தானா திறக்குமா?"

"மனிதாபிமானம் சார்."

"அதை ஏன்யா நரகத்துக்குள்ள கொண்டுவர்றே? ஆடறவன் வாயைக் கோணிக்கிட்டு நேரா உள்ளே போயிடுவான். கேம் அங்கேயே முடிஞ்சுது."

"நம்பற மாதிரியும் இல்லை," என்றார் ஓவியப் பிரிவுத் தலைவர். "இவ்வளவு கொடுமையான ஊர்ல ஒரு கதவு மட்டும் ஏன் நல்லவனா இருக்கணும்? லாஜிக் இடிக்குது."

"வேணும்னா ஒண்ணு செய்யலாம்," என்றார் மேடம். "விடுவிக்கப்பட்டவங்களுக்குக் கேமை இலவசமா கொடுக்கலாம். அதுல அந்தக் கதவைச் சுட்டுக்கட்டும். மனசு ஆறும்."

இந்தக் கருணையில் அவை நெகிழ்ந்தது. தலைவர் எழுந்து, "உங்க இஷ்டம். ஒண்ணு அந்த வரி இருக்கட்டும், இல்லே நீங்க இருங்க," என்று சொல்லிவிட்டுப் போன் பேச வெளியே போனார்.

யாரும் கதைக்காரரின் கையைப் பிடிக்கவில்லை. யாரும் அவரைப் பார்க்கக்கூட இல்லை. மேடம் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். கதைக்காரர் தன் பிரிவில் இருந்த மற்றவர்களின் குடும்பங்களை நினைத்தார். தன் பெயர் பெரிதாக வரப்போகும் நான்காம் பாகத்தின் அட்டையையும் போகிறபோக்கில் நினைத்துக்கொண்டார். பிறகு பொது நலம் கருதி, அந்த வரியைத் தன் கையாலேயே அடித்து அழித்தார்.

மறுநாள் காலை வாசலில் வரிசை நின்றது. மைத்துனன் கதவின் முன் நின்றான். சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரி வந்திருந்தான். அத்தான் கூட்டத்துக்குப் போய்வந்த தைரியம் அவனுக்கு. அவன் சிரித்தான். அக்கா மகளுக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு.

கதவு மூன்றாம் முறையாக மறுத்தது.

அவன் ஒதுங்கி நின்றான். பின்னால் நின்ற கதைக்காரரைப் பார்த்தான். அவருக்குத் தலை நிமிரவில்லை என்பதிலேயே கூட்டத்தில் நடந்தது அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பரவாயில்லை அத்தான். நீங்க போங்க, லேட்டாவுது. அக்காகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

கதைக்காரர் கதவின் முன்னால் வந்தார். கண் கலங்கியிருந்தது. வரிசையில் பின்னாலிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மைத்துனன் பார்த்துக்கொண்டிருக்கவே, சிரித்தார்.

பொய்ச் சிரிப்பை ஒருபோதும் ஏற்காத அந்தக் கதவு உடனே திறந்தது. "மனமார்ந்த சிரிப்பு," என்று ஊருக்கே கேட்கும்படி அறிவித்தது. "வருக, வருக."