தபாலில் வந்த பல்வரிசை

ஊரில் அந்த வருஷம் யாரும் வாயை மூடவில்லை. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர் திடீரென்று "ஈ" என்பார். பயந்துவிடக் கூடாது. பதிலுக்கு நீங்களும் "ஈ" என்று பல்லைக் காட்ட வேண்டும். "எத்தனையாவது செட் போட்டிருக்கீங்க?" என்று விசாரிப்பார். வணக்கம் சொல்வதெல்லாம் பழசாகிவிட்டது.

எல்லாம் புன்னகைச் செம்மலின் அருள். அவர் பல் டாக்டரா என்று கேட்டுவிடாதீர்கள். டாக்டர்கள் வெறும் பல்லைப் பார்ப்பவர்கள். செம்மலோ பல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தலைவிதியைப் பார்ப்பவர். நின்றுபோன கல்யாணம், இழுத்துக்கொண்டே போகும் கோர்ட்டு வழக்கு, ஓடாத கடை, எல்லாவற்றுக்கும் மூல காரணம் ஒரு கோணல் பல் என்று கண்டுபிடித்தவர்.

பரிகாரம் தபாலில் வந்தது. முதலில் ஒரு டப்பா, அதற்குள் பிசைந்த களிமண் மாதிரி ஒரு பசை. அதைக் கடித்துப் பல் அச்சு எடுத்துத் திருப்பி அனுப்பினால், உங்கள் வாய்க்கென்றே தனியாக வார்த்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைகள் செட் செட்டாக வரும். அலைனர் என்று பெயர். வீட்டிலிருந்தபடியே மாட்டிக்கொண்டால் பல் நேராகும், பின்னாலேயே விதியும் நேராகும். டாக்டர் வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம். மூளை அறவே வேண்டாம்.

மைக்கம்மாவும் ஒரு டப்பா வாங்கினாள்.

பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி அறைக்குள் உட்கார்ந்து எந்த பஸ் எப்போது புறப்படும் என்று அறிவிக்கிறவள் அவள். ஊரே அவள் குரலுக்குக் கட்டுப்பட்டது. 'விலகி நிற்கவும்' என்றால் விலகும், 'வரிசையில் வரவும்' என்றால் வரும். முகத்தைத்தான் யாரும் பார்த்ததில்லை. அது அவளுக்கு நிம்மதி, ஏனென்றால் அவளுக்கு ஒரு தெத்துப்பல். கல்யாண ஆல்பம் முழுக்க வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்பாள். "பொண்ணுக்கு அன்னிக்கு வாந்தியா?" என்று கேட்டவர்கள்கூட உண்டு.

பக்கத்திலேயே அவள் நாத்தனார், அவள் 'அண்ணி' என்று கூப்பிடும் கணவனின் அக்கா, கோடு போட்டு அடுக்கிய மாதிரி மேல்வரிசைப் பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாள். பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். அண்ணி சிரித்தால் மைக்கம்மாவுக்கு வயிறு எரியும். அந்த எரிச்சல்தான் டப்பாவுக்குப் பணம் கட்டியது.

அலைனர் மாட்டிய முதல் நாளே பஸ் நிலையம் தடுமாறியது. உறைக்குள் மாட்டிக்கொண்ட நாக்குக்கு 'ச' வரவில்லை.

"பயணிகள் கவனத்திற்கு. தந்தை வழியாகத் தெல்லும் பேருந்து தற்று நேரத்தில் புறப்படும்."

சந்தைக்குப் போக மூட்டையோடு நின்ற வியாபாரி ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏம்மா, தாய் வழியா போற பஸ் எப்ப வரும்?"

நிலைய மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆளுங்க தப்புத் தப்பா ஏறிப் போறாங்க. இன்னொரு புகார் வந்துச்சுன்னா மைக்கை வேற ஆளுகிட்ட கொடுத்துடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், வலி ஒரு பக்கம். ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. செம்மலின் நிறுவனத்துக்குப் போன் போட்டாள். தேன் தடவிய குரல் ஒன்று எடுத்தது.

"ஈறுல ரத்தம் வருதுங்க."

"வாழ்த்துகள்மா! பல்லு நகரும்போது பாவமும் நகரும். அதுதான் வெளியேறுது."

"பல்லே ஆடுதுங்க!"

"ஆடட்டும்மா. சந்தோஷத்துல ஆடுது."

இந்த விளக்கத்தைக் கேட்டு மைக்கம்மாவுக்கு மனம் குளிர்ந்தது. வாய் மட்டும் எரிந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அண்ணி வந்தபோது, அவள் பாலில் ஊறவைத்த ரொட்டியைக் கண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"வாயைத் திற" என்றாள் அண்ணி. போன் வெளிச்சத்தில் பார்த்து, ஒரு பல்லை விரலால் தொட்டாள். அது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி அசைந்தது. அண்ணியின் முகம் மாறிவிட்டது. "முதல்ல இதைக் கழட்டு. நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

"கழட்டினா பலன் போயிடுமாம் அண்ணி. உங்களுக்கென்ன, பிறவியிலேயே முத்து மாதிரி பல்லு. என் கஷ்டம் உங்களுக்குப் புரியாது."

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மைக்கம்மாவின் கணவனான தன் தம்பியைப் பார்த்தாள். அவன் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"சரி, எனக்கும் ஒரு டப்பா வாங்கிக் கொடு" என்றாள் கடைசியில்.

அண்ணியே நம்பிவிட்டாள்! மைக்கம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

சில மாதம் கழித்து புன்னகை மாநாடு நடந்தது. பெரிய மண்டபம். மூடிய வாய்க்குள் அருள் எப்படிப் போகும் என்று செம்மல் கேட்டிருந்ததால் கூட்டம் மொத்தமும் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தது. அருளோடு இரண்டொரு ஈயும் உள்ளே போயிற்று.

மேடையில் செம்மல் நகர்வுமானியோடு நின்றார். பல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று துல்லியமாகக் காட்டும் கருவி. பார்க்க டார்ச் லைட் மாதிரி இருக்கும். ஏனென்றால் அது டார்ச் லைட்.

"பலன் கண்டவங்க மேல வாங்க!" என்றார். முதல் ஆளாக அண்ணி ஏறினாள். மைக்கம்மா பெருமையோடு கணவனை இடித்தாள். அவன் வியர்த்துப் போயிருந்தான்.

செம்மல் அண்ணியின் வாய்க்குள் டார்ச் அடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மைக்கில் முழங்கினார். "அற்புதம்! முன்பல்லு ரெண்டும் நகர்ந்து நேராகியிருக்கு!"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நிச்சயமா நகர்ந்திருக்கா?"

"கடைவாய்ப்பல்லுகூட நகர்ந்திருக்கும்மா!"

"நகர்ந்தது மறுபடி பழைய இடத்துக்கு வந்துடாதா?"

"எப்படி வரும்? புது இடத்துல வேர் ஆழமா இறங்கியிருக்கே! என் கண்ணுக்குத் தெரியுது."

"அப்படியா?" என்றாள் அண்ணி. வாய்க்குள் இரண்டு விரலை விட்டாள். மேல்வரிசை முழுவதையும் அப்படியே கழற்றி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"எங்க, அந்த வேரைக் காட்டுங்க."

மண்டபத்தில் திறந்திருந்த வாய்களெல்லாம் இன்னும் கொஞ்சம் திறந்தன.

"பொய்ப்பல்லுங்க" என்றாள் அண்ணி கூட்டத்தைப் பார்த்து. கன்னம் ஒட்டி, உதடு உள்ளே போய், பத்து வயது கூடிய மாதிரி இருந்தாள். அவள் நாக்கும் இப்போது குழறியது. "ஹாக்கி ஆடும்போது பந்து பட்டு முன்பல்லு உடைஞ்சுது. மிச்சத்தையும் எடுத்துட்டாங்க. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு தம்பிகிட்ட சத்தியம் வாங்கி வெச்சிருந்தேன். இதைக் கையால பசையில அமுக்கித்தான் இவருக்கு அச்சு அனுப்பினேன். இது நகர்ந்துச்சாம்!"

மைக்கம்மா கணவனைப் பார்த்தாள். கணவன் கூரையைப் பார்த்தான். இத்தனை காலம் தான் பொறாமைப்பட்டது ஒரு பல்செட்டைப் பார்த்தா? அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மறைத்து மறைத்துக் காத்த வாயை அண்ணி ஊருக்கே திறந்து காட்டிவிட்டு நிற்கிறாள். யாருக்காக என்று தெரியாதா?

செம்மல் லேசுப்பட்டவரா? "நம்பிக்கை இருந்தால் பொய்ப்பல்லும் வேர் விடும்!" என்றார். கைதட்டல் கேட்டது. ஆமாம், கைதட்டினார்கள். நான் என்ன செய்ய?

அந்தக் கைதட்டலைக் கேட்டதும் மைக்கம்மாவுக்குச் சுருக்கென்றது. வாயிலிருந்த உறையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேடையேறினாள். அண்ணிக்கு வந்த உறையைக் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒட்டிப் பிடித்தாள். ஒரே மேடு, ஒரே பள்ளம். தெத்துப்பல்லுக்கும் பல்செட்டுக்கும் ஒரே அளவு! மைக்கைப் பிடுங்கினாள்.

"பயணிகள் கவனத்திற்கு! அனைவரும் தங்கள் உறையைக் கழற்றி, பக்கத்தில் இருப்பவரின் உறையோடு சேர்த்துப் பார்க்கவும்."

பழகிய குரல். கூட்டம் யோசிக்காமல் கீழ்ப்படிந்தது. யோசிக்காததும் அன்று ஒரு நல்லதற்கு உதவியது. தாடிக்காரருடைய உறையும் காலேஜ் பெண்ணுடைய உறையும் அச்சு அசல் ஒன்று. ஆளுக்கு ஆள் தனியாக வார்த்ததாகச் சொன்ன அத்தனையும் ஒரே அச்சில் அடித்த பிளாஸ்டிக். மண்டபம் உறுமியது.

"புன்னகைச் செம்மல் பின்வாசல் வழியாகப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறார்" என்று மைக்கம்மா தெளிவாக அறிவித்தாள். ஒரு 'ச'வும் குழறவில்லை. அவரை வாசலிலேயே பிடித்து போலீசில் ஒப்படைத்தார்கள்.

மறுநாள் அண்ணி அவளை உண்மையான பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் திட்டித் தீர்த்தார். ஆடிய பற்கள் மெல்ல மெல்ல இறுகின. ஒன்றை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

மைக்கம்மாவிடம் தாய் வழி பஸ் கேட்டாரே, அந்த வியாபாரி இன்னும் உறையோடுதான் திரிகிறார். "பொய்ப்பல்லுக்கு வேலை செய்யலைன்னா நிஜப் பல்லுக்குச் செய்யாதுன்னு அர்த்தமா?" என்று மடக்குகிறாராம். கத்திரிக்காயில் சொத்தை இருக்கிறதா என்று காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற மனிதர்!

ஐயா, வாயைத் திற என்று எவனாவது சொன்னால் தாராளமாகத் திறங்கள். முதலில் ஒரு கேள்வி வெளியே வரட்டும். பல்லைக் காட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.