அரை நாள் ஊராட்சித் தலைவர்

தேர்தலில் நிற்காமலே டெபாசிட் இழந்தவன் நான். இழந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் தெருவில் யாராவது பட்டாசு வெடித்தால் யார் ஜெயித்தது என்று ஓடிப்போய் விசாரிக்கிறேன்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு சிறிய காலை நாளிதழில் வேலை பார்த்தேன். புள்ளியியலில் முதுகலைப் பட்டம். (கொடுத்தவர்கள் மேல் தப்பில்லை. நல்ல நம்பிக்கையில்தான் கொடுத்தார்கள்.) உள்ளாட்சித் தேர்தல் வந்தது. கிராம ஊராட்சி முடிவுகளைப் போனில் வாங்கித் தொகுக்கும் பொறுப்பை, கணக்குப் படித்தவன் என்று ஆசிரியர் என் தலையில் கட்டினார்.

எனக்கு அதில் சொந்த அக்கறையும் இருந்தது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊரில் மாரப்பன் என்பவர் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றார். சின்னம் பூட்டு சாவி. அவருடைய மகள் சாந்தாமணியைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைக்காரனுக்குப் பெண் கொடுக்க அவருக்குத் தயக்கம். "எலெக்சன் முடியட்டுங்க, அப்பறம் சொல்றேன்" என்று நிறுத்தி வைத்திருந்தார். நானும் எதற்காவது ஆவேன் என்று காட்ட வேண்டியிருந்தது.

அது வாக்குச் சீட்டுக் காலம். ஒன்றிய அலுவலகங்களில் எண்ணிக்கை இரண்டு நாள் நடந்தது. எங்கள் நிருபர்கள் ஆளுக்கொரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து தங்களுக்குத் தோன்றியபடி முடிவு சொன்னார்கள். மேட்டுப்பாளையத்துக்காரர் ஜெயித்தவர் பேரை மட்டும் சொல்வார். எத்தனை ஓட்டு என்று கேட்டால், "அதெதுக்குங்க, அதுதான் ஜெயிச்சாச்சில்ல" என்பார். சத்தியமங்கலத்துக்காரர் வாங்கிய ஓட்டைச் சொல்லமாட்டார்; எவ்வளவு முந்துகிறார் என்று மட்டும் சொல்வார். கோபிக்காரரோ, "கெணத்துக்காட்டுக்காரரு முந்தறாருங்க" என்று தோட்டத்துப் பேரில் முடித்துக்கொள்வார். ஆள் பேரைக் கேட்டு வாங்கினாலும் பயனில்லை. பாதிப் பேர் சுப்பிரமணி, மீதிப் பேர் ராமசாமி.

எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த புள்ளியியல் விழித்துக்கொண்டது. (தூங்கியிருக்கலாம்.) எல்லாருக்கும் ஒரே முறை வகுத்தேன்: ஒன்றியம், சின்னம், ஓட்டு. வேறெதுவும் சொல்லக் கூடாது.

"ஊர்ப் பேரு வேண்டாங்களா சார்?" என்றார் கோபிக்காரர்.

"சின்னம் போதும். ஆளை நான் கண்டுபிடிச்சுக்கறேன்."

"ஏனுங்க சார், நெசமாத்தான் சொல்றீங்களா?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"சரிங்க சார். அப்படியே சொல்லிப்போடறேன்."

நான் சிங்காநல்லூரில் வளர்ந்தவன். மாநகராட்சி வார்டில் கட்சிச் சின்னங்களைத்தான் பார்த்திருக்கிறேன். கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சி கிடையாது. அதே பூட்டு சாவியையும் சீப்பையும் ஏணியையும் ஒவ்வொரு ஊரிலும் வெவ்வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒன்றியத்துக்கு ஒரே பூட்டு, ஒரே சாவி, ஒரே மாரப்பன் என்று நம்பினேன்.

விடியும்போது கோபி ஒன்றியத்தில் பூட்டு சாவி எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. வந்ததையெல்லாம் கூட்டினேன். மாரப்பன் வாங்கிய ஓட்டு அவர் ஊரின் மொத்த மக்கள்தொகையைவிட அதிகமாக வந்தது. மனிதருக்கு இவ்வளவு செல்வாக்கா என்று வியந்தேனே தவிர, சந்தேகப்படவில்லை. "பூட்டு சாவிக்கு அமோக ஆதரவு" என்று தலைப்பிட்டு, அவர் பேரையும் சேர்த்து அச்சுக்கு அனுப்பிவிட்டு அவருக்குப் போன் செய்தேன்.

"மாமா, ஜெயிச்சுட்டீங்க." (மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை.)

"நம்ம பொட்டிய இன்னும் தொறக்கலைன்னாங்களேங்க தம்பி. மத்தியானம் ஆகும்னுதான் நான் ஊட்டுக்குக் குளிக்க வந்தேன்."

"தொறந்து எண்ணியாச்சுங்க. பேப்பர்லயே போட்டாச்சு."

"பேப்பர்லயே வந்துருச்சுங்களா. அப்பச் சரி. நீங்க கெளம்பி வாங்க மாப்ள."

மாப்ள என்ற சொல்லில் ஏறி உட்கார்ந்தபடியே, ஒரு கட்டுப் பத்திரிகையுடன் பஸ் பிடித்தேன்.

நான் போனபோது கிடா வெட்டியாகிவிட்டது. மல்லிகை மாலையோடு மாமா தெருத்தெருவாகக் கும்பிட்டுக்கொண்டு போனார். பின்னால் பட்டாசு. முன்னால் பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி நான். எதிர்த்து நின்ற சென்னியப்பன் வீட்டு வாசலிலும் நின்றோம். அவரும் குளிக்க வந்திருந்தார். பத்திரிகையை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, "சனங்க முடிவுங்க, சரி" என்று மாமாவுக்கு ஒரு துண்டு போர்த்தினார். மாமா சாப்பிடக் கூப்பிட்டார். எங்கள் பக்கத்து மரியாதை பொல்லாதது. தோற்றவரும் மறுக்கவில்லை. முதல் பந்தியில் வந்து உட்கார்ந்தார்.

பந்தி பாதியில் இருக்கும்போது வேலுச்சாமி மொபெட்டில் வந்து இறங்கினார். மாமாவின் பங்காளி, எண்ணிக்கை மண்டபத்தில் அவருக்கு ஏஜெண்டாக இருந்தவர்.

"ஏனுங்கண்ணா, என்ன விசேசமுங்க?"

"தெரியாத மாதிரி கேக்கறான் பாரு. உக்காரு, எலை போடச் சொல்றேன்."

வேலுச்சாமி உட்காரவில்லை. "நம்ம பொட்டிய இப்பத்தானுங்கண்ணா எண்ணி முடிச்சாங்க" என்றார். பிறகு சென்னியப்பனைப் பார்த்தார். "இவரு ஜெயிச்சுட்டாருங்க. சர்ட்டிபிகேட் வாங்கறதுக்கு அங்க மைக்குல இவரு பேரத்தான் கூப்பிட்டுட்டே இருக்கறாங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். சென்னியப்பன் பிசைந்த சோற்றோடு கையை அப்படியே வைத்திருந்தார். எழுவதா, சாப்பிடுவதா என்று அவருக்குப் புரியவில்லை. மாமா மாலையைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பு இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"பாதியில எந்திரிக்காதீங்க. ரசம் ஊத்தச் சொல்றேன். சாப்பிட்டுப்போட்டுப் போங்க" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சாப்பிட்டீங்களா தம்பி?"

காலையில் மாப்ள. மத்தியானம் மறுபடி தம்பி. பதவி போனது அவருக்கு மட்டுமல்ல.

கட்டி அணைத்துக் கொண்டுபோன பத்திரிகைகளைப் பந்தியில் உட்காருவதற்கு விரித்திருந்தார்கள். என் தலைப்பின் மேல் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் திருத்தம் வந்தது. நான் வீட்டுமனை விளம்பரப் பகுதிக்கு மாற்றப்பட்டேன். ஆறு மாதம் அந்த வீட்டிலிருந்து தகவலே இல்லை. கடைசியில் சாந்தாமணிதான் தன் அப்பாவிடம் சொன்னாளாம்: "பொய் சொல்றவரு இப்படி மாட்டிக்க மாட்டாருங்கப்பா." என் குணத்துக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான். கல்யாணம் நடந்தது.

சென்ற ஆண்டு என் மகளுக்குப் பிளஸ் டூ முடிவு வந்தது. திரையில் பெயர், பதிவெண், பள்ளி, பிறந்த தேதி எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தேன். அவள் அதற்குள் தோழிகளோடு கேக் வெட்டிவிட்டு வந்துவிட்டாள். அப்புறம்தான் மாமாவுக்குப் போன் செய்தேன்.

"பேத்தி பாஸுங்க மாமா. நல்ல மார்க்குங்க."

"சந்தோசமுங்க மாப்ள. பாஸானது நம்ம புள்ளதானுங்களே?"

பின்னால் வீடே சிரிப்பது கேட்டது. ஆமாங்க என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகு யாரும் பார்க்காதபோது பதிவெண்ணை இன்னொரு முறை அடித்துப் பார்த்தேன்.