மெமரி கார்டில் ஒரு வாக்குறுதி

என் ஞாயிற்றுக்கிழமைகளை மீட்டே தீருவது என்று முடிவெடுத்தேன். அதுவும் சண்டை போடாமல், மூளையால். சண்டை போட்டு ஜெயித்த அனுபவம் எனக்கில்லை.

விஷயம் இதுதான். போன மாதம் எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் என் மனைவி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, என் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. "இனிமே ஞாயித்துக்கிழமை சமையல், பாத்திரம் எல்லாம் நான்தான்" என்று சொல்லிவிட்டேன். மனசாரத்தான் சொன்னேன். அப்புறம் காய்ச்சல் இறங்கியது. உருகின நெஞ்சும் பழையபடி கெட்டியாகிவிட்டது.

"அப்படியா சொன்னேன்? ஞாபகமே இல்லையே!"

"வீடியோ எடுத்து மெமரி கார்டுல வெச்சிருக்கேன். உங்க அக்காவுக்குப் போட்டுக் காட்டவா?"

என் அக்கா தீர்ப்பு சொன்னால் அப்பீல் கிடையாது. நாலு ஞாயிறாக நான் பாத்திரம் கழுவுகிறேன்.

மொபைல் ஆப் எழுதுவது என் தொழில். ஆப்பு வாங்குவது என் ராசி. தொழிலை வைத்து ராசியை மாற்றத் துணிந்தேன். மனைவியின் கார்டில் இரண்டாயிரம் படங்கள் தாறுமாறாகக் கிடந்தன. அவற்றைத் தேதிவாரியாக அடுக்கித் தர ஓர் ஆப். வெளிப்பார்வைக்கு அவ்வளவுதான். உள்ளே இன்னொரு வேலை: அந்த மூன்று நாள் வீடியோக்களைத் தேடிப் பிடித்து அழித்துவிடும்.

ஒரே ஒரு தடங்கல். செருகி எடுக்கிற கார்டுக்குள் ஆப் தன் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. போன்காரர் தன் விரலாலேயே போல்டரைக் காட்டி, 'அனுமதி' என்பதை அமுக்க வேண்டும். இதெல்லாம் ஒரு தடங்கலா? பதினொரு வருட சர்வீஸில், அதைப் படித்துப் பார்த்து அமுக்கின ஓர் ஆளை நான் கண்டதில்லை.

என் மனைவி வக்கீல் ஆபீசில் பத்திரம் டைப் அடிப்பவள். ஐந்தாவது ஞாயிறு காலை ஆப்பை அவள் போனில் ஏற்றி நீட்டியதும், கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"'இந்த போல்டரில் இப்போது இருப்பவை, இனி வருபவை அனைத்தையும் இந்த ஆப் கையாளலாம்.' கையாளும்னா?"

"அடுக்கும்."

"அழிக்குமா?"

"எல்லாத்துக்கும் இப்படித்தான் போடுவாங்கம்மா. நீ அமுக்கு."

"இனி வருபவைன்னா, நாளைக்கு இந்தக் கார்டுல நான் எதைப் போட்டாலும் உங்க ஆப் கை வைக்கும். அப்படித்தானே?"

"ஆமா... எல்லாம் நல்லதுக்குத்தான்."

கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் அமுக்கிவிட்டு, போனை என்னிடம் கொடுத்தாள்.

படங்கள் மளமளவென்று அடுக்கிக்கொண்டன. உள்வேலையின் முடிவும் வந்தது: அந்த மூன்று நாளில் வீடியோ, பூஜ்யம். தேதியை மாற்றிப் பார்த்தேன். பூஜ்யம். கார்டு முழுக்கத் துழாவினேன். மொத்தம் பதினொரு வீடியோ. ஒன்பதில் அவள் தங்கை மகள் ஆடுகிறாள். இரண்டில், கை தவறி எடுத்த தரை. நான் எதிலுமே இல்லை!

நாலு ஞாயிறு! இல்லாத வீடியோவுக்குப் பயந்து நாலு ஞாயிறு!

"அடுக்கியாச்சா? குடுங்க, பாக்குறேன்." போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

"வீடியோவே இல்ல!" என்று கத்தினேன்.

"எந்த வீடியோ?"

"காய்ச்சல் வீடியோ! நீ எடுக்கவே இல்ல!"

"படம்தானே அடுக்குனீங்க? வீடியோவை எதுக்குத் தேடுனீங்க?"

"அ... அது இருக்கட்டும். எடுத்தியா இல்லையா?"

"எங்கேர்ந்து எடுக்குறது? துணி மாத்தவே கை பத்தல. உங்களுக்கு என்ன ஆகுமோன்னு மூணு நாளும் உசிரைக் கையில புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. கோபம் பாதி போய்விட்டது.

"போகட்டும்," என்றாள் மெல்லிய குரலில். "நீங்க சொல்லவே இல்லன்னா, நானா கற்பனை பண்ணிக்கிட்டேன் போல."

அதற்கு மேல் தாங்கவில்லை. "சேச்சே, சொன்னேம்மா. இனிமே ஞாயித்துக்கிழமை சமையல், பாத்திரம் எல்லாம் நான்தான்னு சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். ஆனா அதுக்கு ஆதாரம்னு எதுவும் இல்ல பாரு."

போனில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் போனை முகத்திலிருந்து இறக்கினாள்.

"இப்ப இருக்கு. கார்டுல இல்லீங்க, உங்க ஆப் எட்டாத இடத்துல, போனுக்குள்ள. இன்னிக்கு என்ன சமையல்?"