கணக்கிலிருந்து காணாமல் போன நாகஜோதி

வங்கியில் தப்பு நடந்தால் மனுசன் போய்ச் சண்டை போடுவான். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தவன் அழகுபாண்டி ஒருத்தன்தான்.

ஆனையூரில் பைப்பும் குழாயும் விற்கிற கடை அவனுக்கு. கடை வருமானம் முழுக்க அவன் பேரிலும் மனைவி நாகஜோதி பேரிலும் சேர்த்து இருக்கிற கணக்கில் போய் விழும். ஒரு திங்கட்கிழமை பாஸ்புக்கைப் பதிந்து வாங்கிப் பார்த்தால், அவன் பேர் மட்டும் ஒண்டியாக நிற்கிறது. நாகஜோதியைக் காணோம். கவுண்டரில் இருந்தவர் அசடு வழிந்தார். கம்ப்யூட்டர் மாற்றியபோது சில பேர் கணக்கில் இரண்டாவது பேர் விடுபட்டுவிட்டதாம். வீட்டம்மாவைக் கூட்டி வந்தால் உடனே சேர்த்துவிடலாமாம்.

"அவசரமில்ல சார். உங்களுக்கு எம்புட்டு வேலை கெடக்கும்" என்றான் அழகுபாண்டி.

வங்கிக்காரர்கள்மேல் அவனுக்கு அவ்வளவு கருணை பிறந்ததற்குக் காரணம் ஒரு புல்லட். மாப்பிள்ளை முறையாகும் மெக்கானிக் பாண்டியராஜனின் பசுமலைப் பட்டறையில் அது நின்றது. பழைய வண்டிதான். ஆனால் ஸ்டார்ட் பண்ணினால் தெருவே திரும்பிப் பார்க்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அழகுபாண்டி ஆசைப்பட்ட ஒரே பொருள் அது. கணக்கில் இரண்டு பேரில் யார் கையெழுத்துப் போட்டாலும் பணம் வரும் என்பது உண்மை. ஆனால் அவன் எடுத்த மறு நொடி நாகஜோதியின் போனில் மெசேஜ் விழும். "ஏங்க, எதுக்கு எடுத்தீங்க?" என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கிற மூளையை ஆண்டவன் அவனுக்கு வைக்கவில்லை. இப்போது அவள் பேரே இல்லை. பேர் இல்லாதவளுக்கு மெசேஜ் ஏது? பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கணக்கு விஷயத்தைச் சொல்லி, வெள்ளிக்கிழமை பணத்தோடு வாரேன் என்று பாண்டியராஜனிடம் வாக்குக் கொடுத்துவிட்டான்.

பாலைக் குடிக்கும் முன்னால் புதன்கிழமை வந்துவிட்டது. கூடவே அவன் தங்கச்சி அன்னக்கொடியும் வந்தாள், தாம்பூலத் தட்டோடு.

அவன் சொந்த ஊரான உசிலம்பட்டிப் பக்கம் தங்கச்சியோடு பிறந்தவன் தப்பிக்க முடியாது. அவள் பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் தாய்மாமன் மேளதாளத்தோடு, கிடாயோடு, வண்டி நிறையச் சீரோடு போய் இறங்க வேண்டும். குறைந்தால் பந்தலிலேயே பேசுவார்கள். அழகுபாண்டிக்கு இரண்டு தங்கச்சிகள். இருபது வருஷமாக ஒரு வெள்ளித் தட்டுக்குமேல் அவன் சீர் செய்ததில்லை. எப்படித் தப்பித்தான் என்றால், ஒரு பொய்யால். "ஜாயிண்ட் கணக்குத்தா. உன் மதினியும் கையெழுத்துப் போட்டாத்தான் பணம் வரும். அவ போட மாட்டேங்குறா" என்பான். சொல்லும்போது கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்வான். அண்ணன் தங்கம், மதினிதான் கஞ்சப் பிசினாறி என்று ஊர் பூராவும் முடிவாகிவிட்டது. இந்தச் சங்கதி எதுவும் நாகஜோதி காதுக்குப் போகவில்லை என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

அன்னக்கொடி தட்டை நீட்டி, மகனுக்குக் காதுகுத்து என்றாள். அழகுபாண்டி வழக்கம்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"செய்யணும்னு ஆசைதான்த்தா. ஆனா அந்த ஜாயிண்ட் கணக்கு..."

"அதான் இப்ப உன் பேருல மட்டும் இருக்காமில்லண்ணே" என்றாள் அன்னக்கொடி. "இனி மதினி கையெழுத்து எதுக்கு? நீ ராசா மாதிரிச் செய்யலாம்."

காபி கொண்டு வந்த நாகஜோதி டம்ளரை அவன் கையில் கொடுத்தாள்.

"எந்தக் கணக்குங்க?" என்றாள்.

தேள் கொட்டிய திருடனின் நிலைமை அவனுக்கு. கணக்கில் நீ இல்லை என்று மனைவியிடம் சொன்னால் புல்லட் போகும். மதினி பேர் இருக்கிறது, அவள் கையெழுத்து வேண்டும் என்று தங்கச்சியிடம் சொன்னால், மனைவி முன்னாலேயே பொய் சந்தி சிரிக்கும். காபி ஆறும்வரை யோசித்துவிட்டு, தாய்மாமன் சீரை ஜாம்ஜாம் என்று செய்துவிடுவதாக வாக்குக் கொடுத்தான். அன்னக்கொடி அழுதேவிட்டாள். அவனுக்கும் அழுகை வந்தது. ஆனால் அது வேற அழுகை.

அவள் பஸ் ஏறியதும் முதல் வேலையாகப் பாண்டியராஜனுக்குப் போன் போட்டான். கணக்கு விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவன்தானே. அவன் வாய் ஓட்டை வாய், அவன் பரம்பரையே ஓட்டை வாய் என்று ஏசித் தீர்த்தான். "மாப்ள, சத்தியமா நான் சொல்லல" என்று அவன் கதறினான். யார் நம்புவது?

நாகஜோதி பேர் திரும்ப ஏறினால்தான் பழைய பொய்யைச் சொல்லிச் சீரிலிருந்து தப்பலாம் என்று, மறுநாள் காலையில் வங்கி திறக்கும் முன்பே வாசலில் நின்றான் அழகுபாண்டி. திங்கட்கிழமை கும்பிட்ட அதே மனுசன் இன்று மேசையைத் தட்டினான். கட்டின பொண்டாட்டி பேரைக் கணக்கிலிருந்து தூக்க இவர்கள் யார், குடும்பத்தைப் பிரிக்கவா வங்கி நடத்துகிறார்கள் என்று சத்தம் போட்டான். மேனேஜர் ஸ்வப்னா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எங்க தப்புதான் சார். அதான் போன வாரமே மேடத்துக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுட்டோமே. வந்து ஒரு கையெழுத்துப் போட்டா போதும்னு சொன்னோம். அவங்கதான் இப்பதைக்கு அப்படியே இருக்கட்டும்னுட்டாங்க."

போன வாரமே. அவன் பாஸ்புக்கைப் பார்த்து மகிழ்ந்தது இந்தத் திங்கட்கிழமைதான். பாண்டியராஜனின் பரம்பரையிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டபடி வீட்டுக்கு வந்தான்.

நாகஜோதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவன் எதிரே போய் உட்கார்ந்தான்.

"அன்னக்கொடிகிட்ட நீதான் சொன்னியா?"

"ஆமா."

"ஏன்டி?"

"இருபது வருசமா ஒங்க ஊரு விசேசத்துக்குப் போனா ஒருத்திகூட எனக்கு எலையப் பாத்துப் பரிமாற மாட்டேங்குறா. ஏன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ஒங்க ரெண்டாவது தங்கச்சி அழகம்மா, ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்குறேன்னு ஒரு தடவ மூஞ்சிக்கு நேராவே கேட்டுருச்சு. நான் ஒங்களக் காட்டிக் குடுக்கல. முழுங்கிக்கிட்டேன்." அவள் குரல் லேசாக உடைந்தது. கீரைக் காம்பை எடுத்துத் தூரப் போட்டாள்.

அழகுபாண்டிக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. மனைவி அழுது அவன் பார்த்ததில்லை. அதற்குத் தானே காரணமாவோம் என்று நினைத்ததும் இல்லை.

"சரி, தப்புதான். வந்து ஒரு கையெழுத்துப் போடு."

"போடுறேன். சீர் முடியட்டும்."

சீர் முடிந்தது. கிடாயிலிருந்து மருமகன் கழுத்துச் சங்கிலிவரை எல்லாவற்றையும் நாகஜோதியே பேரம் பேசி வாங்கினாள். பணம் கொடுப்பது மட்டும் அவன் வேலை. குலசாமி கோயில் வாசலில் வேட்டு வெடிக்க, மேளம் முழங்க, அவன் தலைப்பாகையோடு போய் இறங்கினான். மருமகன் அவன் மடியில் உட்கார்ந்து, ஆசாரி ஊசியை எடுத்ததும் "மாமா" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டான். அந்த நேரம் அழகுபாண்டிக்குப் புல்லட் ஞாபகமே இல்லை. நெஞ்சு நிறைந்திருந்தது. பந்தியில் அன்னக்கொடி மதினிக்கு எதிரே நின்று, வேண்டாம் வேண்டாம் என்கிற வரை கறி அள்ளி வைத்தாள்.

நெஞ்சு நிறைந்தது நிறைந்தபடி இருந்திருக்கலாம். மறு வாரமே அழகம்மாள், புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போகிறோம், அண்ணன் என்ன செய்யப் போகிறது என்று சொல்லி அனுப்பினாள். அழகுபாண்டி கணக்குப் போட்டான். வங்கியில் மிச்சம் இருப்பது சரியாக ஒரு புல்லட்டுக்குக் காணும். முதலில் நாகஜோதி பேரைக் கணக்கில் ஏற்றிவிட வேண்டும், அழகம்மாளைச் சமாளிக்க அது வேண்டும். அன்று மத்தியானமே பணத்தை எடுத்துப் பசுமலைக்குப் போய்விட வேண்டும். மெசேஜ் வந்தால் வரட்டும். வண்டி வாசலுக்கு வந்த பிறகு திருப்பியா அனுப்பப் போகிறாள்? இருபது வருஷத்தில் அவன் போட்ட திட்டங்களிலேயே இதுதான் ஓட்டையில்லாத திட்டம்.

நாகஜோதி முகம் கோணாமல் வங்கிக்கு வந்தாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அழகுபாண்டி வெளியே நிற்கிற ஆட்டோவை எட்டிப் பார்த்துக்கொண்டான். பசுமலைக்கு எவ்வளவு கேட்பான் என்று யோசித்தான்.

"பழையபடியே வச்சிரலாமா மேடம்?" என்றார் ஸ்வப்னா. "ரெண்டு பேர்ல யாரு கையெழுத்துப் போட்டாலும் பணம் எடுக்கிற மாதிரி?"

"வேணாம்மா" என்றாள் நாகஜோதி. "ரெண்டு பேரும் போட்டாத்தான் வரணும். எங்க வீட்டுக்காரரு இருபது வருசமா ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லி வச்சிருக்காரு. அவரு வாக்கு பொய்யாகிறக் கூடாதுல்ல."