பில்காரரின் வலது கை

"கையைத் தூக்குங்க மாப்பிள்ளை. இன்னும் மேல. போலீஸ்ல சரணடையற மாதிரி!"

பில்காரர் வலது கையைத் தூக்கினார். கட்டுப் போட்ட மணிக்கட்டின் மேல் பிளாஸ்டிக் பை, பையின் வாயில் ரப்பர் பேண்டு. இடுப்பில் ஒரே ஒரு துண்டு. அதை இடது கையால் உயிரைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தார். எதிரே, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, சோப்பும் கையுமாக நின்றார் மனைவியின் அண்ணன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். எதைச் செய்தாலும் மைதானத்தில் நின்று செய்வதுபோலத்தான் செய்வார்.

"மச்சான், முதுகை நானே தேய்ச்சுக்கறேன்."

"எப்படி, சுவத்துல உரசியா? வெக்கப்படாதீங்க. திரும்புங்க!"

விசில் ஊதாத குறைதான். பில்காரர் திரும்பினார். ஐம்பதை நெருங்குகிற வயதில், அடுத்தவர் தலையில் தண்ணீர் ஊற்ற, கண்ணில் நுரை எரிய நிற்கும்படி ஆகிவிட்டது. எரிச்சலைவிட வெட்கம் அதிகம். வெட்கத்தைவிடக் குற்ற உணர்ச்சி அதிகம்.

காரணம், அவர் சொன்ன ஒரு பொய்.

பெயிண்ட் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பில் போடுவதால் அவருக்கு அந்தப் பெயர். விரல்கள் மரத்துப்போய், கையிலிருந்து டம்ளர் நழுவ ஆரம்பித்தபோது, "எனக்கு ஒரு நல்ல டாக்டரைத் தெரியும்" என்று மனைவிதான் அழைத்துப் போனாள். மணிக்கட்டுக்குள்ளே நரம்பு நசுங்குகிறது, சின்ன ஆபரேஷன் போதும் என்றார் டாக்டர். மனைவி மருந்து வாங்க வெளியே போனதும், "மொபைல்ல ரொம்ப நேரம் இருப்பீங்களோ?" என்று கேட்டார்.

பில்காரர் குரலைத் தாழ்த்தி, கலர் கலராக உருண்டைகளை உடைக்கும் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொன்னார். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்றும் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை முழுசாக ஒருமுறை பார்த்தார்.

"தூங்கவாவது விடுவீங்களா அந்தக் கையை?"

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். "எதனாலயாம்?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் அவருக்கு ஒரு பழைய கோபம் இருந்தது. ஒரு வருஷமாக இவள் ஈரப் போர்வையைக் கொண்டுவந்து "பிழிஞ்சு குடுங்க" என்கிறாள். "மாவு பிசைங்க" என்கிறாள். மூடி திறக்க, காய் நறுக்க, எல்லாவற்றுக்கும் கூப்பிடுகிறாள். அதுவும் சரியாகக் கடைசி உருண்டையை உடைக்கும் நேரத்தில்.

"வீட்டு வேலைதான் காரணம்னாரு. துணி பிழியறது, மாவு பிசையறது..."

சண்டைக்கு வருவாள் என்று தயாராக நின்றார். அவளோ அப்படியே நம்பிவிட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கண் கலங்கி, "என்னாலதானா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்த பிறகு மனைவி அவரை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துக் கொடுத்தாள். ஸ்பூனால் ஊட்டினாள். சில நேரம் ஸ்பூன் நடுங்கிச் சாப்பாடு அவர் சட்டையில் விழுந்தது. பாவம், அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு, "பரவால்லம்மா" என்பார் பெருந்தன்மையாக. அந்தப் பெருந்தன்மை அவருக்கே குமட்டியது. குளிப்பாட்ட அண்ணனை வேறு வரவழைத்துவிட்டாள். "என் தங்கச்சியால வந்தது. நான் பாத்துக்கறேன்" என்று அவரும் பையோடு வந்து இறங்கிவிட்டார்.

குளித்து முடித்துச் சோபாவுக்கு வந்ததும் பில்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். கை சரியாகிவிட்டது என்று காட்டிவிட்டால் மச்சான் ஊருக்குப் போய்விடுவார், மனைவியின் அழுகையும் நிற்கும்.

"வலியே இல்ல. பாருங்க" என்று டீக் கோப்பையை வலது கையால் தூக்கினார்.

கோப்பை பாதி வழியில் மனசு மாறி, மச்சானின் மடியில் இறங்கியது. மச்சான் நீளம் தாண்டுவதுபோல எகிறி அடுத்த நாற்காலியில் போய் நின்றார்.

"பாத்தியாம்மா?" என்றார் தொடையை உதறியபடி. "உன் மனசு நோகக் கூடாதுன்னு வலியை மறைக்கிறாரு. இப்படி ஒரு மனுஷன் கிடைப்பாரா?"

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பில்காரருக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லத்தான் ஆரம்பித்தார். வழியில் தைரியம் தீர்ந்துபோனது.

"அழாதே. வீட்டு வேலை காரணம் இல்ல. கடையில... கடையில டைப் அடிச்சு அடிச்சுதான் வந்துச்சு."

மச்சான் நிமிர்ந்தார். "போனைக் குடுங்க."

"எதுக்கு?"

"உங்க முதலாளிகிட்டப் பேசணும்."

பேசினார். தெருமுனைவரை கேட்கும்படி பேசினார்.

சாயங்காலம் முதலாளி ஒரு பை ஆப்பிளோடு வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். "என்னை மன்னிச்சிடணும். இப்படி ஆகும்னு தெரியாமப் போச்சு. இனிமே நீங்க கீபோர்டைத் தொடவே கூடாது. பில் போட ஒரு பொண்ணைச் சேர்த்தாச்சு. நீங்க குடோன்ல உக்காந்து டப்பாவை மட்டும் பாத்துக்கங்க."

"குடோன்லயா?" பில்காரரின் குரல் உள்ளே போய்விட்டது. ஜன்னல் இல்லாத இடம். நாள் முழுக்கப் பெயிண்ட் கரைக்கும் தின்னரின் நாற்றம்.

"அங்க போன் சிக்னல்கூட வராது. ஒரு தொந்தரவும் இருக்காது."

மனைவி மெதுவாகச் சொன்னாள். "கடையில அவ்வளவு கஷ்டப்பட்டு வந்தவரையா நான் வீட்டுல பிழிய விட்டேன்?"

அந்த நேரம் பார்த்து, மச்சான் கையிலேயே இருந்துவிட்ட பில்காரரின் போன் எக்காளம் ஊதியது. மச்சான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார்.

"மாப்பிள்ளை, உங்களை யாரோ சக்கரவர்த்திங்கறாங்க. உருண்டைகள் உங்களுக்காகக் காத்திருக்குதாம். உலக வரிசையில நாப்பதாவது இடத்துல இருந்தீங்களாம், இப்ப இறங்கிட்டீங்களாம். என்ன இது?"

"உலகத்துலயா?" என்றார் முதலாளி, கொஞ்சம் மரியாதையோடு. மறுகணம் அவர் முகம் மாறியது. "நாப்பதாவது இடத்துக்கு வரணும்னா... கடை நேரத்துலயுமா ஆடினீங்க?"

ஓட இடமில்லை. பில்காரர் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கேட்டது, இவர் சொன்னது, பழியை மனைவி தலையில் போட்டது, பிறகு அதைத் தூக்கி முதலாளி தலையில் போட்டது.

மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தார். "கால் விரல் இடுக்குல எல்லாம் சோப்பு போட்டேனே மாப்பிள்ளை!"

முதலாளி ஆப்பிள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து பையை வைத்துவிட்டுப் போனார். எடுத்துக்கொண்டே போயிருந்தால் தேவலை என்றிருந்தது பில்காரருக்கு.

மனைவி தட்டைக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்து, வழக்கம்போல ஸ்பூனை நீட்டினாள்.

"ஏதாவது திட்டேன்" என்றார்.

"எதுக்கு?"

"உன்கிட்ட மறைச்சேன்ல."

அவள் அவர் கன்னத்தில் ஒட்டியதைத் துடைத்தாள். "மறைக்காத ஆள் யாரு இருக்கா? வாயைத் திறங்க."

திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். சாப்பிட்டதும் இடது கட்டைவிரலால் அந்த விளையாட்டைப் போனிலிருந்து அழித்தார். சக்கரவர்த்தி பதவி போனது. வெட்கம் மட்டும் போகவில்லை.

தையல் பிரிக்கும் நாளில் மனைவிதான் கூட வந்தாள். பில்காரர் வழியெல்லாம் வாக்குறுதி கொடுத்துக்கொண்டே வந்தார். போர்வை, மாவு, மூடி, இனி எதற்கும் முகம் சுளிக்கமாட்டார். குடோனுக்கும் சந்தோஷமாகப் போவார். மனைவி கைகளைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டாள்.

நர்ஸ் தையலைப் பிரித்து, விரல்களை மடக்கி நீட்டச் சொன்னாள். "அழகா ஆறியிருக்கு. கொஞ்ச நாள் கனமா எதையும் தூக்காதீங்க."

"அப்புறம் வீட்டு வேலை எல்லாம் நான்தான் சிஸ்டர்" என்றார் பில்காரர், மனைவிக்கும் கேட்கும்படி. "இவங்களுக்கு நான் ரொம்பக் கடன்பட்டிருக்கேன்."

நர்ஸ் அப்போதுதான் அவருக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அட, அக்கா! உங்களுக்குக் குடுத்த ஆபரேஷன் தேதியை வீட்டுக்காரருக்குக் குடுங்கன்னு விட்டுட்டுப் போனீங்களே, உங்க ரெண்டு கையும் இப்ப எப்படி இருக்கு?"