அத்தை குரலை நிறுத்திய மாமாவுக்கு

மதிப்புக்குரிய வைரவநாதன் மாமாவுக்கு,

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயத்திலிருந்து மருமகன் நிஷாந்த் எழுதுவது. மண் இன்னும் மேலே விழாத காரணத்தால் இங்கு எல்லாரும் நலம். பதுளையில் உங்கள் கடையும் அத்தையும் உங்கள் பிரஷரும் நலமா?

போனில் பேசினால் கெட்ட வார்த்தை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

மழை பிடித்தால் மண்சரிவு எச்சரிக்கை முதலில் சிங்களத்தில்தான் வரும். கீழ் லயத்தில் அதை வாசித்து விளங்குகிறவர்கள் குறைவு. அதற்காகத்தான் இலவசமாகக் கிடைக்கும் ஒரு ஏஐ மொடலை என் பழைய லெப்டொப்பில் இறக்கினேன். அது திறந்த மொடல், மாமா. யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், நம்ம பேச்சைச் சொல்லிக்கொடுக்கலாம். எச்சரிக்கை எஸ்எம்எஸ் வருகிற அளவுக்குச் சிக்னல் இருந்தால் போதும், அதை நம்ம தமிழில் சொல்லிவிடும், இன்டர்நெட் வேண்டாம். உங்கள் வீட்டு விஜயலெட்சுமி அத்தையிடமே கேட்டு, அவர் குடும்ப குரூப்பில் அனுப்பிய வொய்ஸ் மெசேஜ்களைப் போட்டு, அந்தக் குரலிலேயே பேசவைத்தேன். கோயில் ஸ்பீக்கரில் "அடியே, அடுப்ப அணைச்சிட்டு பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்க" என்று கேட்டால் லயத்தில் அத்தனை வீடும் எழுந்து நடந்தது. இந்த லயத்தில் பிறந்த குரல் அல்லவா.

அது உங்களுக்குப் பொறுக்கவில்லை. கோயில் கமிட்டியில் வந்து உட்கார்ந்து, "சும்மா கெடைக்கிறத நம்பி உசிர வைப்பீங்களா? ஒரு பொம்பள ஏசுறதுக்குப் பேரு அறிவிப்பா?" என்று கேட்டு, உங்கள் கடையில் விற்கிற கம்பனி மொடலைச் சந்தாவோடு அவர்கள் தலையில் கட்டினீர்கள். கமிட்டிக்காரர்களும் தலையாட்டினார்கள். தோட்டத்துத் துரைமார் கொடுத்ததை ஏன் என்று கேட்காமல் வாங்கிய பழக்கம் இன்னும் போகவில்லை. பூட்டிய பெட்டி என்றால் உள்ளே ஏதோ பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

அந்தப் பெட்டி கெட்டிக்காரப் பெட்டிதான், ஒத்துக்கொள்கிறேன். கேட்டால் வெண்பாகூட எழுதும். ஆனால் போன வியாழன் மத்தியானம் கொட்டுகிற மழையில் இன்டர்நெட் விட்டு விட்டு வந்தது. அது சுற்றிச் சுற்றி நின்று, கடைசியில் வாய் திறந்தது: "பேரன்புமிக்க பொதுமக்களே, தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களை நாடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." பேரன்புமிக்க பொதுமக்களே என்று நம்மள யார் கூப்பிடுவாங்க, எப்ப கூப்பிடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? தேர்தல் வந்துருச்சுன்னு நெனச்சு கீழ் லயம் முழுக்கக் கதவைச் சாத்திக்கிச்சு. நான் மழையில் ஓடி ஓடிக் கதவைத் தட்டினேன். கருப்பம்மா அக்கா திறக்காமலே, "நீயும் அவனுகளுக்கு வேல செய்யிறியாடா? போன தடவ வோட்டு போட்டதுக்கே கூரைக்கு ஒரு தகரம் வரல, போ" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, பின்மேடு இறங்கி, கக்கூஸையும் அவருடைய லீக்ஸ் பாத்தியையும் மூடிக்கொண்டு, அவர் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. மீரியபெத்தையில் சரிந்த மண் அப்படி நிற்கவில்லை, லயத்தையே மூடியது, மாமா.

அந்தப் பேரன்பை எடுத்துவிடுங்கள் என்று கம்பனிக்கு எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. உள்ளே கைவைக்க எனக்கு உரிமை இல்லையாம். மண் விழுவது எங்கள் மேல், சாவி மட்டும் அவர்களிடம். இது என்ன நியாயம்?

ஆகவே, நீங்கள் கமிட்டிக்கு வந்து, செய்தது பிழை என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். வீட்டிலும் கொஞ்சம் திருந்துங்கள். அத்தை வாங்கிவரச் சொன்னதை மறக்காதீர்கள், குளித்துத் துடைத்த ஈரத் துவாயைக் கட்டிலில் போடாதீர்கள். அதுவரை உங்கள் கடை வாசலை மிதிக்கமாட்டேன்.

அத்தைக்கு என் அன்பு. உங்களுக்கு வணக்கம் சொல்லக் கை வரவில்லை. கடிதம் என்றால் சொல்ல வேண்டுமாம், சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத மருமகன்
நிஷாந்த்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது மறுபடி எச்சரிக்கை வந்தது. யாரையும் கேட்காமல் கம்பனி வயரைப் பிடுங்கி என் லெப்டொப்பைச் செருகினேன். அத்தை குரல் கேட்டதும் ஒரு கதவு மிச்சமில்லாமல் திறந்தது. கருப்பம்மா அக்கா ஸ்பீக்கரைப் பார்த்து, "வாறேன்டி விஜயா, கத்தாத" என்று பதில் சொல்லிக்கொண்டே ஏறினார். எல்லாரும் இப்போது பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறார்கள், இதை அங்கே பிள்ளைகள் இருக்கிற வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமா, கம்பனியிடம் எல்லாம் இருக்கிறது, இந்த ஏச்சு மட்டும்தான் இல்லை. குரூப்பில் தேடிப் பார்த்தேன். அத்தை ஏசியது அத்தனையும் உங்களைத்தான். மழைக்காலம் இன்னும் பாதிகூட முடியவில்லை, மொடலுக்குச் சொல்லிக்கொடுக்கப் புது ஏச்சு வேண்டும். ஆகவே மேலே திருந்தச் சொன்னதை எல்லாம் வாபஸ் வாங்குகிறேன். தயவுசெய்து அந்தத் துவாயை இன்றைக்கும் கட்டிலிலேயே போடுங்கள்.