வெனிஸில் மடை அடைத்த மாமா

பஸ் நிற்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதில் ஏறி உட்காருகிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவர்தான் எனக்கு மாமனாராக வாய்த்தார்.

மரக்காணத்தில் அவருக்கு உப்பளம் உண்டு, அப்பா அம்மா வைத்த நல்ல பெயரும் உண்டு. ஆனால் போஸ்ட்மேன் உட்பட ஊருக்கே அவர் 'திடீர்'தான். பட்டா விஷயமாகத் தாலுகா ஆபீசுக்குக் கிளம்பியவர் மறுநாள் மொட்டைத் தலையோடு வந்து நின்றார். "திருப்பதி பஸ் காலியா இருந்துச்சு மாப்ள, வுட மனசு வரல" என்றார். பட்டா இன்னும் வரவில்லை. இன்னொரு முறை யாரையோ ஆஸ்பத்திரியில் பார்க்கப் பாண்டிச்சேரி போனவர், வழியில் முன்பின் தெரியாத ஒரு கல்யாணத்தில் நுழைந்து பந்தி பரிமாறிவிட்டு வந்தார்.

2005 கடைசியில் நானும் என் மனைவியும் ஜெர்மனியில், மியூனிக்கில் இருந்தோம். அவள் பிரசவத்துக்காக மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். பெண் குழந்தை. பெயர் வைக்கும் நாளை அத்தை பஞ்சாங்கம் பார்த்துக் குறித்தார்.

"சனிக்கிழம காலைல. தாத்தா வாயாலதான் புள்ள காதுல பேரு சொல்லணும். இந்த மனுஷன் எங்கியும் நகரக் கூடாது. மாப்ள, நீங்கதான் பொறுப்பு" என்று என்னைக் காவலுக்குப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை நானும் மாமாவும் பால் வாங்கப் போனோம். கடை ரயில் நிலையத்துக்குள் இருந்தது என் ஜாதகக் கோளாறு. மாமா அறிவிப்புப் பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"மாப்ள, வெனிஸுன்னா தண்ணிக்குள்ள நிக்குற ஊருதானே?"

"ஆமா மாமா. வாங்க, பால்..."

"தெருவெல்லாம் வாய்க்காலாமே! பக்கிங்காம் கால்வா ஓரத்துல பொறந்துட்டு அதைப் பாக்காம போனா நல்லாவா இருக்கும்? ஒரு பார்வ பாத்துட்டு சாயங்கால வண்டியில திரும்பிடலாம்."

"வீட்டுக்கு ஒரு போன் பண்ணிட்டு..."

"போன் பண்ணா போவ முடியாது மாப்ள."

அதில் இருந்த உண்மையை என்னால் மறுக்க முடியவில்லை. பாஸ்போர்ட்டை அவர் எப்போதும் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். என் பாஸ்போர்ட்டும் அன்று என்னிடம் இருந்தது என் போதாத காலம்.

மதியத்துக்கு மேல் வெனிஸில் இறங்கினோம். தபால் படகில் வந்தது, குப்பை படகில் போனது, ஆம்புலன்ஸும் படகாகவே ஓடியது. மாமா வாயைப் பிளந்துகொண்டு நடந்தார். "ஏன் மாப்ள, இந்த ஊர்ல சைக்கிள் கட வெச்சவன் என்னா ஆவான்?" என்று கவலைப்பட்டார்.

பெரிய சர்ச் முன்னால் மைதானத்தில் நின்றபோதுதான் வினை வந்தது. குளிர்காலத்தில் கடல் ஏறினால் அந்த ஊருக்குள் தண்ணீர் வருவது வழக்கமாம். கல் தரையில் இருந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் குமிழியிட்டு வந்தது. ஊர்க்காரர்கள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். மாமாவின் முகம் மாறிவிட்டது.

எங்கள் உப்பளங்களில் ஒரு வழக்கம் உண்டு. யார் பாத்தியில் வெள்ளம் புகுந்தாலும், அந்தப் பக்கம் போகிறவன் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு இறங்கி மடையை அடைக்க வேண்டும். பாத்தி பங்காளியுடையதா பகையாளியுடையதா என்று பார்க்கக் கூடாது.

"மடை உடைஞ்சிக்கிச்சு மாப்ள! நின்னுகினு இருக்கீங்களே!"

பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். மகள் ஆசையாக வாங்கித் தந்த ஸ்வெட்டரைக் கழற்றி முதல் ஓட்டையில் திணித்தார். தண்ணீர் அடுத்த ஓட்டையில் வந்தது. அதற்கு அவருடைய குல்லா போயிற்று, அதற்கடுத்ததற்கு என் மஃப்ளர். சுற்றுலா வந்த கூட்டம் எங்களைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தது. எதிரே காபிக் கடைக்காரர் கையில் கோப்பையோடு வாசலுக்கு வந்தார்.

"யோவ், கடைக்குள்ள பூந்துடும்யா! மண்ணு மூட்ட எங்க இருக்குது?" என்று மாமா கத்தினார்.

கடைக்காரர் இத்தாலிய மொழியில் நீளமாகப் பதில் சொன்னார். பிறகு கையை உயர்த்தி, மெல்ல இறக்கிக் காட்டினார்.

"தானா வடிஞ்சிடும்னு சொல்றார் மாமா. நமக்கு வண்டிக்கு நேரமாச்சு."

"எந்த ஊர்ல மாப்ள தண்ணி தானா வடிஞ்சிது? அப்டியே வுட்டுட்டுப் போனா இந்த ஆளு பொழப்பு என்னாவறது?"

"மாமா, நாளைக்குப் பேர் வைக்கணும். நீங்கதான் காதுல சொல்லணும்!"

என்னைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "வடியட்டும், வர்றேன்" என்று நின்றுவிட்டார். தண்ணீர் தானாகவே வடிந்தது. அதற்குள் எங்கள் ரயிலும் போய்விட்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "உங்க அத்தைக்கு என்னா மாப்ள சொல்றது?" என்றார். நான் போன் செய்தேன். அத்தை முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "சரி" என்று வைத்துவிட்டார். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை திரும்பும் ரயிலில் மாமா ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. "என் பேத்திக்கு வேற எவனோ பேர் சொல்லியிருப்பான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுவரை அவர் மேல் கொதித்துக்கொண்டிருந்த எனக்கும் பாவமாகிவிட்டது.

வீட்டில் விருந்தாளிகள் யாரும் இல்லை. பாயச வாசனையும் இல்லை. அத்தை நிதானமாக பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"விசேஷம் முடிஞ்சிடுச்சா?" என்று மாமா வாசலிலேயே நின்று கேட்டார்.

"நாளைக்குத்தான்."

"சனிக்கிழமன்னு சொன்னியே?"

"உங்களுக்கு சனி. மத்தவங்களுக்கு ஞாயிறு. கட்டிக்கினு வந்ததுல இருந்து எல்லாத்துக்கும் உங்களுக்கு ஒரு நாள் முன்னாடிதான் சொல்றேன். பொண்ணு கல்யாணத்துக்கு முகூர்த்தத்துக்குள்ள வந்து சேர்ந்தீங்களே, எப்டின்னு நெனச்சீங்க?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இந்த வாட்டி மாப்ளைக்கும் சனிதான். இனிமேயும் அப்டித்தான்."

மாமா தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேட்டி கட்டி, எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தார். பேத்தியைக் கையில் வாங்கி, காதில் மூன்று முறை பெயர் சொன்னார். ஆனால் வாயை எடுக்காமல் இன்னும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

"பேரு சொல்லியாச்சில்ல? இன்னும் என்னா?" என்றார் அத்தை.

"அடுத்த வாட்டி இவளையும் கூட்டினு போறேன்னு சொன்னேன். உன்னையும்தான்."

அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

மாமா போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. அதையும் யாரிடமும் சொல்லாமல் திடீரென்றுதான் செய்தார். இன்றைக்கு அவர் வந்து, "கிளம்புங்க மாப்ள" என்று கூப்பிட்டால், எங்கே என்று கேட்காமல் கூடவே போய்விடுவேன்.